ஜமுனாமரத்தூரில் கேட்ட ரெண்டு விசில்

புதுசா விசில் மாட்டிக்கிட்டு உக்காந்திருக்கிற தம்பிங்களா, தங்கச்சிங்களா, முதல்ல அதைக் கழட்டி பையில போடுங்க. நான் பேசி முடிக்கிற வரைக்கும் யாரும் எதையும் ஊதப் போறதில்ல. ரூல் எல்லாம் காலையிலேயே சொல்லிக் குடுத்துட்டாங்க. அதையே நானும் திருப்பிச் சொன்னா நீங்க தூங்கிடுவீங்க. மத்தியானச் சாப்பாடு வேற பலமா இருந்துது, நானே பார்த்தேன். அதனால ரூல் பேச்சு வேணாம். ரூல் நல்லாத் தெரிஞ்ச ரெண்டு நடுவருங்க, ரெண்டு பேருமே சரியா ஊதி, ஒருத்தன் பொழப்புல மண்ணை அள்ளிப் போட இருந்தோம். அந்த ரெண்டு பேர்ல ஒருத்தன் நான். அதைத்தான் சொல்லப் போறேன்.

எனக்குக் கோவம் ஜாஸ்தின்னு என்னை அறிமுகப்படுத்தினவரே சொல்லிட்டாரு. இல்லன்னு சொல்ல மாட்டேன். ஆரணிப் பக்கம் ஸ்கூல்ல டிரில் மாஸ்டரா இருந்தவன் நான். வாரம் பூரா பசங்களை வெயில்ல நிக்க வெச்சு கத்திட்டு, சனி ஞாயிறானா கூடைப்பந்து ஆட்டத்துக்கு விசில் ஊதக் கிளம்பிடுவேன். வூட்ல சம்சாரம் கேப்பாங்க, "அஞ்சு நாள் கத்தினது போதலையா உங்களுக்கு?"ன்னு. போதலதான், என்ன பண்றது.

இது நடந்தது எழுபதுகளோட கடைசியில, ஒரு கோடையில. சீசன்னு சொன்னா பெருசா நெனச்சுக்காதீங்க. நாலு டீம், நாலு ஊரு, நாலு மண் கிரவுண்டு. ஒவ்வொரு டீமும் மத்தவங்க ஊருக்குப் போய் ஒரு ஆட்டம், தன் ஊருக்கு அவங்களை வரவழைச்சு ஒரு ஆட்டம். கடைசியில யாரு அதிகம் ஜெயிச்சாங்களோ அவங்களுக்குக் கோப்பை. அவ்வளவுதான். ஆனா அந்த நாலு டீமை மாதிரி நாலு விதமான டீமை நான் அப்புறம் பார்த்ததே இல்ல.

கண்ணமங்கலம் டீம் கடைத்தெருப் பசங்க. மளிகைக் கடை, சைக்கிள் கடை, ஜவுளிக் கடைன்னு பகல் பூரா வியாபாரம் பண்ணிட்டு வந்து ஆடுவானுங்க. அந்தப் பழக்கம் கிரவுண்டுலயும் போகாது. ஃபவுல் ஊதினா, "சார், இது பாதி ஃபவுல்தான் சார், கொஞ்சம் பார்த்துப் போடுங்க"ன்னு பேரம் பேசுவானுங்க. ஒருத்தன் என்கிட்ட, "முன்னாடி அவனுக்கு ஒண்ணு விட்டீங்களே, அதுல இதைக் கழிச்சுக்கலாம் சார்"ன்னே கேட்டான்.

படவேடு டீம் கரும்புக் கொல்லையிலேருந்தும் நெல்லு வயல்லேருந்தும் வந்த பசங்க. டிராக்டர் டிரெய்லர்ல டீமும் ஊரும் சேர்ந்து வரும். ஆடத் தெரிஞ்சவங்க கொஞ்சம் பேரு, வாயில ரெண்டு விரலை வெச்சு சீட்டி அடிக்கத் தெரிஞ்சவங்க ஊரு பூரா. அவங்க டீம் ஆடாத ஆட்டத்துக்கும் வேடிக்கை பார்க்கன்னே கிளம்பி வந்துடுவாங்க. என் காது ரெண்டும் இன்னிக்கு மந்தமா இருக்குன்னா அதுல பாதி படவேட்டுக்காரங்க புண்ணியம்.

மூணாவது, கீழே இருந்த ஒரு சர்க்கரை ஆலையோட டீம். இவங்கதான் ஆடறதுக்கே சம்பளம் வாங்கினவங்க. பேருக்கு ஸ்டோர்ஸ்ல கிளார்க்கு, கேட்டுல டைம்கீப்பர்னு போட்டிருப்பாங்க, வேலை பூரா கிரவுண்டுலதான். கேன்வாஸ் ஷூ, காலையில முட்டை, ரெண்டு செட் பனியன். நாங்க அவங்களை 'சம்பள டீம்'னுதான் சொல்லுவோம். அதுல நடுவுல நின்னு ஆடறவன் சலீம். வாணியம்பாடிக்காரன், பனைமரம் உசரம், வாயைத் திறந்தா கிண்டல்.

நாலாவதுதான் மலை டீம், ஜமுனாமரத்தூர். சாமையும் புளியும் வெச்சுப் பொழைக்கிற வூட்டுப் பசங்க. மலை மேல கூடைப்பந்து எப்பிடிப் போச்சுன்னு கேப்பீங்க. பஸ்ஸுல போச்சு. போளூர்லேருந்து சாயங்காலம் மலை ஏறுற பஸ்ஸு ராத்திரி அங்கேயே தங்கிட்டு, விடிஞ்சாதான் இறங்கும். அதுல கண்டக்டர் மாணிக்கம். வேலூர்ல படிக்கிறப்ப கூடைப்பந்து ஆடின ஆளு. பஸ்ஸை நிறுத்திட்டு சும்மா உக்காந்து பீடி பிடிக்கப் பிடிக்காம, ஸ்கூலுக்குப் பின்னால மேட்டைச் சமன் பண்ணி, ரெண்டு கம்பம் நட்டு, அங்க இருந்த வயசுப் பசங்களைக் கூட்டி ஆட்டம் சொல்லிக் குடுத்துட்டாரு. நல்லாவே சொல்லிக் குடுத்தாரு. சும்மா சொல்லக்கூடாது, விசில் சத்தம் கேட்டா அந்தப் பசங்க நின்ன இடத்துல நிப்பாங்க. சம்பள டீம்காரன் விசிலுக்கு அப்புறமும் ரெண்டு அடி வெச்சு ஒரு தள்ளு தள்ளிட்டுத்தான் நிப்பான். மலைப் பசங்க அப்பிடி இல்ல. தூக்கின காலைக் கீழ வைக்கறதுக்கே யோசிப்பானுங்க.

அந்த டீம்ல ஒருத்தன் ஏழுமலை. இருபது வயசு இருக்கும். குள்ளம்தான், ஆனா ஓட ஆரம்பிச்சா பிடிக்க முடியாது. வெறுங்கால்ல ஆடுவான். சீசன் பூரா அவனைப் பார்த்துட்டு, ஆலையோட லேபர் ஆபீசர் மாணிக்கத்துக்கிட்ட சொல்லியனுப்பினாரு: "கடைசி ஆட்டம் உங்க மலையிலதானே? நானே வர்றேன். எல்லாம் ஒழுங்கா இருந்தா அன்னிக்கே ஏழுமலையை எங்க டீமுக்கு எடுத்துக்கறேன்."

இதோட அர்த்தம் உங்களுக்குப் புரியணும். அந்த மலையில அப்ப மாசச் சம்பளம்னா அது ஸ்கூல்ல இருந்தவங்களுக்கும் ஃபாரஸ்ட் கார்டுக்கும்தான். எல்லாரும் கீழேருந்து போனவங்க. மலையில பொறந்தவன் மாசம் பொறந்தா சம்பளம் வாங்கினதா யாருக்கும் ஞாபகம் இல்ல. ஏழுமலை வாங்கினா, அவன்தான் முதல் ஆளு. அவனுக்கு அது தெரியும், அவன் ஊருக்கும் தெரியும். அந்த வருஷம் புளி வேற சரியாக் காய்க்கல.

கடைசி ஆட்டம். மலை டீமும் சம்பள டீமும். ரெண்டு டீமும் சமமா வந்து நிக்குது, இதுல ஜெயிக்கிறவங்களுக்குக் கோப்பை. நான் முதல் நடுவர். கூட ஊத வந்தவரு வேலூர்க்காரர், என் வயசுதான். அவரு பேரு உங்களுக்கு வேணாம். நாங்க அவரை 'ரூல் புக்'னு கூப்பிடுவோம், அவருக்கும் அதுல பெருமைதான். எந்தப் பக்கத்துல எந்த வரின்னு தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவாரு. நேர்மையான மனுஷன். ஒரு டீ கூட ரெண்டு டீம்கிட்டயும் வாங்கிக் குடிக்க மாட்டாரு.

மத்தியானம் ஸ்கூல் வராண்டாவுல எல்லாருக்கும் சாப்பாடு. லேபர் ஆபீசர் எனக்கு எதிர்ல உக்காந்து சாப்பிட்டாரு. "பையன் நல்லா ஆடறான். ஆனா சண்டைக்கார ஆளா மட்டும் இருக்கக் கூடாது சார்"னாரு. "அந்தச் சரக்கு எங்க ஆலையில ஏற்கெனவே தேவைக்கு மேல இருக்கு."

சாயங்காலம் ஆட்டம் ஆரம்பிச்சுது. சந்தைக்கு வந்த ஜனம் பூரா கிரவுண்டைச் சுத்தி நின்னுக்கிட்டு இருக்கு. கோடையிலயும் அங்க சாயங்காலம் குளிரும். வயசானவங்க போர்வையைப் போத்திக்கிட்டு நிக்கறாங்க. படவேட்டுக்காரங்க வழக்கம்போல அவங்களுக்குச் சம்பந்தமே இல்லாத ஆட்டத்துக்கு வந்து சீட்டி அடிச்சுக்கிட்டு இருக்காங்க. அந்தச் சீட்டியை மலைப் பசங்க கண்டுக்கவே இல்ல. என் விசில் சத்தமும் விரல் சீட்டிச் சத்தமும் வேற வேறன்னு அவங்க காதுக்கு நல்லாவே தெரிஞ்சுது. அந்தப் பக்கம் ஒரு கூடை, இந்தப் பக்கம் ஒரு கூடைன்னு ஆட்டம் ஒட்டிக்கிட்டே போச்சு.

முடிய இன்னும் கொஞ்ச நேரம்தான். மலை டீம் ரிங்குக்குக் கீழ சலீம் பந்தை வெச்சுக்கிட்டு திரும்பறான். திரும்பறப்ப பந்தைத் தட்டாம ஒரு அடி அதிகமா வெச்சுட்டான், அது தப்பு. ரிங்குக்குக் கீழ நின்ன ரூல் புக் அதைப் பார்த்து ஊதினாரு. அதே நேரத்துல ஒரு மலைப் பையன் சலீம் கையைப் பிடிச்சு இழுத்ததை நான் பார்த்தேன். நானும் ஊதினேன். ஒண்ணுக்குப் பின்னாடி ஒண்ணு, ரெண்டு விசில்.

சம்பள டீம் ஆளுங்க அஞ்சு பேரும் நின்னுட்டாங்க. சலீம் பந்தைக் கீழ விட்டுட்டு, வேர்த்த கையை மண்ணுல தேய்க்கக் குனிஞ்சான். மலைப் பசங்க நிக்கல. ஏழுமலை பாஞ்சு பந்தை எடுத்தான், எடுத்த வேகத்துல ஓடினான். அவன் முட்டி குனிஞ்சிருந்த சலீம் வாயில இடிச்சுது. சலீம் மல்லாக்க விழுந்தான். ஏழுமலை தடுமாறி, எழுந்து, அந்தக் கடைசி வரைக்கும் ஓடி, தடுக்க ஆளே இல்லாத ரிங்குல பந்தைப் போட்டுட்டான். மலை ஜனம் ஓன்னு கத்துது. இந்தப் பக்கம் சலீம் வாயெல்லாம் ரத்தம், முன்பல்லு பாதி கையில இருக்கு.

அப்புறம் கேக்கணுமா. சம்பள டீம் மொத்தமும் ஏழுமலை மேல பாஞ்சுது. "விசில் ஊதினப்புறம் வேணும்னே இடிச்சான் சார்!" மலை ஜனம் கிரவுண்டைச் சுத்திக் கட்டின கயித்தைத் தாண்டி உள்ள வந்துட்டாங்க. ரூல் புக் நேரா ஏழுமலைக்கிட்ட போய் கையை வெளிப்பக்கமா நீட்டிட்டாரு. ஆட்டத்தை விட்டு வெளியேத்தறது. அப்பிடி வெளியே போனா அடுத்த சீசனும் அவனால ஆட முடியாது, அது எங்க லீக் வெச்சிருந்த சட்டம். ஆலை வேலை? சண்டைக்கார ஆளு வேணாம்னு ஆபீசர் மத்தியானமே சொல்லிட்டாரே. அந்த ஒரு கை நீட்டல்ல பையன் கதை முடிஞ்சுது.

லேபர் ஆபீசர் என்கிட்ட வந்தாரு. நல்ல மனுஷன்தான், ஆனா அவரு ஆளு வாயில ரத்தம் வழியுது. "சார், அவனை வெளியே அனுப்புங்க. அனுப்பலைன்னா எங்க டீம் இப்பவே லாரி ஏறிடும்"னாரு. கோப்பை ஆலை குடுத்தது. போர்டு ஆலை குடுத்தது. நாங்க மலை ஏறி வந்த லாரி கூட ஆலை லாரிதான்.

முதல் நடுவர் நான். கூட ஊதறவரு சொன்னதை மாத்தற அதிகாரம் எனக்கு இருக்கு. ஆனா எதை வெச்சு மாத்தறது? விசில் கேட்டுது, ஓடினான், இடிச்சான். ஊரே பார்த்துது. என் வாய் வரைக்கும் "வெளியே போடா" வந்துடுச்சு, உண்மையைச் சொல்றேன். எனக்கு இருந்த கோவத்துக்கு ரெண்டு அறையும் குடுத்திருப்பேன்.

ரெண்டு விஷயம் என்னை நிறுத்துச்சு. வேணும்னே தப்புப் பண்ணினவன் முதல்ல நடுவர் மூஞ்சியைப் பார்ப்பான், பார்த்துட்டானா இல்லையான்னு. இத்தனை வருஷத்துல இது தப்பினதே இல்ல. ஏழுமலை என்னைப் பார்க்கவே இல்ல. பந்து உள்ள போனதைப் பார்த்து சிரிச்சுக்கிட்டே திரும்பினான். சலீம் வாயைப் பார்த்தப்புறம்தான் அந்தச் சிரிப்பு நின்னு மூஞ்சி செத்துப்போச்சு. இன்னொண்ணு, ஓடினது அவன் மட்டும் இல்ல. மலை டீம்ல அஞ்சு பேரும் ஓடினாங்க. ஆட்டம் பூரா நடந்துக்கிட்டே ஆடற ஒரு குண்டுப் பையன் இருந்தான், அவன் கூட ஓடினான். ஒருத்தன் ஓடினா அது திருட்டுத்தனம். அஞ்சு பேரும் ஒரே மாதிரி ஓடினா அது யாரோ சொல்லிக் குடுத்தது.

படவேட்டுல ஒரு ஆட்டத்துல இவங்க இப்பிடித்தான் விசிலுக்கப்புறம் நாலடி ஓடிட்டு நின்னாங்கன்னு அப்பத்தான் ஞாபகம் வந்துது. அன்னிக்கு ஆர்வக் கோளாறுன்னு சிரிச்சுட்டு விட்டோம்.

ஏழுமலையைத் தனியா இழுத்தேன். "டேய், விசில் கேட்டுச்சா இல்லையா?"

"கேட்டுச்சிங்க."

"கேட்டும் ஏன்டா ஓடன?"

"ரெண்டு விசில் கேட்டுச்சிங்களே!"

ரூல் புக் குதிச்சுட்டாரு. "பார்த்தியா! அவனே ஒத்துக்கிட்டான்! ஒண்ணு இல்ல, ரெண்டு விசில் கேட்டும் ஓடியிருக்கான்! இதுக்கு மேல இன்னா விசாரணை வேண்டிக்கெடக்குது?"

ஏழுமலை அவரையும் என்னையும் மாறி மாறிப் பார்க்கறான். கண்ணுல தண்ணி கட்டிக்கிச்சு. "இல்லீங்க... ரெண்டு அடிச்சா ரைட்டுதானுங்களே?"

ரைட்டு. கூடைப்பந்துல எங்கடா வந்துது ரைட்டு? அந்த வார்த்தையைக் கேட்டதும் நான் கண்டக்டரைத் தேடினேன். மாணிக்கம் கயித்துக்கு அந்தப் பக்கம் ரெண்டு கையையும் தலையில வெச்சுக்கிட்டு நிக்கறாரு. அவருக்கு எனக்கு முன்னாடியே புரிஞ்சுபோச்சு.

உங்கள்ல பஸ்ஸுல போகாதவங்க யாரும் இருக்க மாட்டீங்க. ஒரு விசில் அடிச்சா டிரைவர் நிறுத்தணும். ரெண்டு அடிச்சா ரைட்டு, போலாம். மாணிக்கம் பயிற்சி குடுத்தது அவரோட பஸ் விசிலை வெச்சு. ஆட்டத்தை நிறுத்த ஒண்ணு. மறுபடி ஆரம்பிக்க ரெண்டு. அந்த மனுஷனுக்கு விசிலுக்கு வேற பாஷையே தெரியாது. பசங்களும் அதையேதான் கத்துக்கிட்டாங்க. நாங்க பெரும்பாலும் ஒத்த விசில்தான் ஊதுவோம், படவேட்டுல ஒரு தடவை ரெண்டு விழுந்திருக்கும், மத்தபடி சீசன் பூரா வண்டி ஓடிடுச்சு. அன்னிக்குத்தான் நானும் ரூல் புக்கும் ஆளுக்கு ஒண்ணு ஊதி அவங்களுக்கு ரைட்டு குடுத்துட்டோம்.

எனக்குப் புரிஞ்சா போதுமா? கிரவுண்டு பூரா கொதிக்குது. பஸ் விசில் கதையை நான் வாயால சொன்னா, நடுவர் மலைக்காரங்கிட்ட புளி மூட்டை வாங்கிட்டான்னு சொல்லுவாங்க. லேபர் ஆபீசரையும் சம்பள டீம் கேப்டனையும் கோட்டுக்கிட்ட வந்து நிக்கச் சொன்னேன். மலைப் பசங்க அஞ்சு பேரையும் நடு வட்டத்துக்குக் கூப்பிட்டேன். மாணிக்கத்தைப் பார்த்து, "நீங்க வாயைத் திறந்தீங்க, உங்களைத்தான் முதல்ல வெளியே அனுப்புவேன்"னு சொன்னேன்.

"மெதுவா நடங்கடா"ன்னேன். நடந்தாங்க. ஒரு விசில் அடிச்சேன். அஞ்சு பேரும் அப்பிடியே நின்னாங்க. குண்டுப் பையன் ஒத்தக் கால்ல நிக்கறான். ஜனம் சத்தம் கொஞ்சம் அடங்குச்சு. ரெண்டு விசில் அடிச்சேன். அஞ்சு பேரும் ரிங்கைப் பார்த்து ஓடினாங்க பாருங்க ஒரு ஓட்டம்! அவங்க மட்டும் இல்ல, பெஞ்சில உக்காந்திருந்த மாத்து ஆளுங்களும் எழுந்து ஓடிட்டாங்க.

அப்புறம் சலீம்தான் முதல்ல வாயைத் திறந்தான். ரத்தம் படிஞ்ச கைக்குட்டையை எடுத்துட்டு, "அடப்பாவிங்களா, அப்ப என்னை இடிச்சது ஆளு இல்ல, பஸ்ஸா?"ன்னான். அவ்வளவுதான், கிரவுண்டு பூரா சிரிப்பு. ஆபீசர் மூஞ்சியைத் திருப்பிக்கிட்டு சிரிக்கறாரு. மாணிக்கம் மட்டும் சிரிக்கல, சலீம்கிட்ட போய் அவன் கையைப் பிடிச்சுக்கிட்டாரு.

ரூல் புக்குக்கு மட்டும் மனசு ஆறல. "ரூல்ல இதெல்லாம் இல்லையே"ன்னாரு. "ரூல்ல பஸ்ஸு இல்லதான். ஆனா வேணும்னே பண்ணினான்னு இருக்கில்ல? வேணும்னே பண்ணலைன்னு இப்ப நாம கண்ணால பார்த்துட்டோம்"னு சொன்னேன். கொஞ்சம் யோசிச்சாரு. "முதல் நடுவர் நீ. உன் முடிவு"ன்னு சொல்லிட்டு, நீட்டின கையை வாபஸ் வாங்கிக்கிட்டாரு. அதுக்கும் பெரிய மனசு வேணும், தம்பிங்களா. ஊரு முன்னாடி காட்டின கையைத் திரும்ப எடுக்கறது லேசு இல்ல.

ஏழுமலை ஆடலாம்னு சொன்னேன். அதே மூச்சுல, அவன் போட்ட கூடை செல்லாதுன்னும் சொன்னேன். ரூல் புக் விசில்தான் முதல்ல கேட்டுது, அப்பவே பந்து செத்துப்போச்சு, அதுக்கப்புறம் போட்டது கணக்குல வராது. உடனே மலை ஜனத்துக்கு என் மேல கோவம். போர்வை போத்தின ஒரு அம்மா நேரா என்கிட்ட வந்து, "உள்ள போன பந்தை எப்பிடிங்க இல்லன்றீங்க? நாங்க இன்னா குருடுங்களா?"ன்னு கேட்டாங்க. நடுவர் வேலைக்கு வந்தா ரெண்டு பக்கமும் திட்டுதான் மிஞ்சும், பழகிக்கோங்க.

ஆட்டத்தைத் திரும்ப ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி மலைப் பசங்களைக் கூப்பிட்டுச் சொன்னேன். "இதோ பாருங்க. இனிமே ஒண்ணா ரெண்டான்னு எண்ணக் கூடாது. விசில் கேட்டா நில்லு. அவ்வளவுதான்." எல்லாரும் தலையாட்டினாங்க. ஏழுமலை ரெண்டு தடவை ஆட்டினான்.

கடைசி நிமிஷம். மலை டீம் ஒரே ஒரு பாயிண்ட் பின்னால. ஹெட்மாஸ்டர் கையில ஸ்டாப் வாட்ச்சு, பியூன் ஸ்கூல் மணியாத் தொங்கின தண்டவாளத் துண்டைத் தட்டறதுக்குக் கம்பியைத் தூக்கிட்டாரு. அப்ப ஏழுமலை எங்கேருந்தோ பாஞ்சு பந்தைப் பறிச்சான். ஓடினான். முன்னாடி ஒருத்தனும் இல்ல. ரிங்குக்குக் கீழ போய் நின்னாச்சு, கையைத் தூக்கினா கூடை, கூடைன்னா கோப்பை. மலை பூரா கத்துது. அந்தச் சந்தோஷத்துல கூட்டத்துல எவனோ ஒருத்தன் வாயில விரலை வெச்சு நீளமா ஒரு சீட்டி அடிச்சான்.

ஏழுமலை நின்னுட்டான்.

பந்தைக் கையில வெச்சுக்கிட்டு, ரிங்குக்குக் கீழ, அசையாம நின்னுட்டான். எனக்கு "போடுடா!"ன்னு கத்த வாய் துடிக்குது. ஆனா கத்தக் கூடாது. முன்னாடி அவனைக் கூப்பிட்டு விசாரிச்சது என் வேலை. இப்ப வாயை மூடிக்கிட்டு நிக்கறதும் என் வேலைதான். நான் ஊதலைங்கறதுக்கு அடையாளமா விசிலை வாயிலேருந்து எடுத்துட்டு கையை விரிச்சுக் காட்டினேன். எல்லாருக்கும் பொதுவா அவ்வளவுதான் என்னால காட்ட முடியும். ஏழுமலை என் பக்கம் திரும்பறதுக்குள்ள பியூன் தண்டவாளத்தைத் தட்டிட்டாரு. ஆட்டம் முடிஞ்சுது. ஒரு பாயிண்ட்ல மலை டீம் தோத்துது.

கோப்பையைக் குடுத்தாங்க, சம்பள டீம் வாங்கினாங்க, கை தட்டல்ல சுரத்தே இல்ல. படவேட்டுக்காரங்க கூட சத்தமில்லாம டிரெய்லர்ல ஏறினாங்க. நான் ஸ்கூல் பானைக்கிட்ட செம்புல தண்ணி மொண்டு குடிச்சுக்கிட்டு நின்னேன். அங்கதான் லேபர் ஆபீசர் ஏழுமலையைக் கூப்பிட்டாரு. சலீமும் பக்கத்துல இருந்தான். ஆபீசர் மூஞ்சி சரியில்ல. கடைசி நேரத்துல மரம் மாதிரி நிக்கறவனை எடுத்து என்ன பண்றதுன்னு அவருக்கு யோசனை. எனக்கே அந்த யோசனைதான் வந்துது, மறைக்க என்ன இருக்கு.

"பந்து கையில இருக்குது, ரிங்கு தலைக்கு மேல இருக்குது. ஏம்பா போடல?"

"விசில் கேட்டுச்சிங்க."

"அது எவனோ விரலை வெச்சு அடிச்ச சீட்டி. நடுவர் விசில் சத்தம் வேறன்னு உனக்குத் தெரியாதா?"

"தெரியுங்க."

"தெரிஞ்சுமா நின்ன?"

ஏழுமலை சலீம் வாயைப் பார்த்தான். அப்புறம் தரையைப் பார்த்துக்கிட்டே சொன்னான். "மொதல்லயும் தெரியும்னுதான் ஓடினேன்ங்க. ரெண்டு விசில்னா இன்னான்னு நல்லாத் தெரியும்னு ஓடினேன். இந்த அண்ணனுக்குப் பல்லு போய்டுச்சு. இனிமே தெரியும்னு நெனச்சுக்கினு ஓட எனக்குக் கால் வரலீங்க."

ஆபீசரும் சலீம் வாயைத் திரும்பிப் பார்த்தாரு. நான் செம்பைக் கையில பிடிச்சுக்கிட்டு நிக்கறேன். சலீம்தான் கைக்குட்டைக்குள்ளேருந்து பேசினான். "சார், இவனை ஜல்தியா நம்ம பக்கம் சேர்த்துடுங்க சார். எதிர்ல விட்டு வெச்சா எனக்கு மிச்சப் பல்லும் தங்காது."

ஆபீசர் சிரிச்சுட்டாரு. "சரிப்பா, எப்ப வந்து சேர்ற?"

ஏழுமலைக்கு உடனே புரியல. அவரையும் சலீமையும் பார்த்தான், கடைசியா என்னைப் பார்த்தான். நான் தலையை ஆட்டினேன்.

"வெள்ளிக்கெழம வர்றேங்க. பேண்ட்டு ஒண்ணு போளூர்ல தெக்கக் குடுத்துக்கீறேன், ஆலைக்குப் போட்டுக்கினு வர்றதுக்கு. வெள்ளிக்கெழம காலையில தர்றேன்னு டைலர் சொன்னாரு. வாங்கிக்கினு நேரா வந்துர்றேன்."

கடைசி ஆட்டம் ஆடறதுக்கு முன்னாடியே தெக்கக் குடுத்திருக்கான். மாசச் சம்பளக்காரன் ஆகப் போறோம்னு அளவு குடுத்துட்டு வந்து, எங்க ரெண்டு விசிலுக்கு நடுவுல ஓடியிருக்கான். நீட்டின கையை நாங்க வாபஸ் வாங்காம இருந்திருந்தா, வெள்ளிக்கெழம அந்த டைலர் கடையில போய் அவன் என்ன சொல்லியிருப்பான்னு நெனச்சேன். என் கண்ணை யாரும் பார்த்துடப் போறாங்கன்னு, காலிச் செம்பை மூஞ்சிக்கு நேரா தூக்கிப் பிடிச்சுக்கிட்டு குடிக்கிற மாதிரி நின்னேன்.